கத்திக்குப் பிடி போட்ட கதையும் ஒரு வேண்டுகோளும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு இத்தனை பேர் கருத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கத்தி, பக்கத்தில் ஒரு அரம், கீழே செய்தித்தாளில் மரத்தூள். அவ்வளவுதான் படம். "சார், ரிடையர் ஆனதும் ரவுடி ஆயிட்டீங்களா?" என்று 1998 பேட்ச் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாரிசில் இருக்கும் தங்கை மகள், "மாமா, இருநூறு ரூபாய்க்குப் புதுக் கத்தி கிடைக்குமே, அத்தைக்கு ஒண்ணு வாங்கித் தரக்கூடாதா?" என்று செல்லமாகக் கடிந்திருக்கிறாள். மூன்று பேர் மட்டும், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது மற்றவர்களுக்கும் பதில் வந்துவிடும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னை 45 நிமிடம் பொறுத்தவர்கள்தானே நீங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலையில் செய்த கத்தியை யாரும் முழுதாக முடிந்த பொருளாக நினைக்க வேண்டாம். அது பாதி வேலை. மீதிப் பாதியை, அதாவது பிடியையும் வழவழப்பையும் வாயின் கூர்மையையும், உங்கள் வீட்டுக் கைக்கு ஏற்றபடி நீங்களே முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். ஆனால் ஆலை செய்த பாதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதில் கை வைத்து ஒரு நல்ல கத்தியைக் கெடுத்தவன் நான். வேதியியல் ஆசிரியனாக 31 ஆண்டு வேலை பார்த்தவன் செய்யக் கூடாத தவறு அது. அதையும் சொல்கிறேன்.

கத்திக்குத் தன் கைக்கேற்ற பிடி போடுவதை இப்போது 'கஸ்டமைசேஷன்' என்கிறார்கள். ஏதோ வெளிநாட்டுக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு போலக் காட்டுகிறார்கள். நம் ஊர்களில் மண்வெட்டியை எப்படி வாங்குவோம்? தலையை மட்டும்தான் வாங்குவோம். கோடாலியும் அப்படித்தான், கடப்பாரைக்குப் பக்கத்தில் தொங்கும் களைக்கொட்டும் அப்படித்தான். கொல்லர் பட்டறையில் இரும்பு, பிடி நம்முடையது. ஆள் உயரமா குட்டையா, இடது கைக்காரரா, உள்ளங்கை அகலமா என்பதெல்லாம் கொல்லருக்குத் தெரியாது. அதனால் அவர் அந்த வேலையில் தலையிடுவதில்லை. என் தாத்தா காய்ந்த வேலங்கட்டையைத் தூணில் சாய்த்து வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் செதுக்கி, மறுபடி பிடித்துப் பார்ப்பார். மண்வெட்டி ஒரு வாரத்துக்கு வேலைக்கு வராது. வீட்டில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஆலை வந்த பிறகு பிடியும் சேர்ந்தே வர ஆரம்பித்தது. லட்சம் கத்திக்கு ஒரே அச்சில் பிடி. அது எந்தக் கைக்கும் ரொம்பப் பொருந்தாமல் போகாது, எந்தக் கைக்கும் முழுதாகப் பொருந்தவும் செய்யாது. ஆலையைக் குறை சொல்ல முடியாது. என் துணைவியாரின் கை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நான்கு வருடமாக அவருக்கு வலது கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம். மூடி திறப்பது, சாவி திருப்புவது, துணி பிழிவது எல்லாம் வலி. காய் நறுக்குவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். மார்க்கெட் கத்தியின் பிளாஸ்டிக் பிடி மெலிசு. மெலிந்த பிடியை நழுவாமல் பிடிக்க விரல்களை இறுக்கி மடக்க வேண்டும், அந்த இறுக்கம் முழுதும் கட்டைவிரல் மூட்டில் போய் விழும். பிள்ளைகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கயிறு இழுத்தால் வெங்காயத்தைச் சிதைக்கும் டப்பா ஒன்றும் வந்தது. "வெங்காயத்தை நறுக்கச் சொன்னால் இது கொலை செய்கிறது" என்று சொல்லி அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். நறுக்குவதற்கு ஆள் வைக்கலாம் என்றேன். பதில் வரவில்லை. அன்றிரவு ரசம் மட்டும்தான். ஐம்பது வருடமாகத் தன் கையால் வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கிய ஒருவரிடம் அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

இதே நிலை அமெரிக்காவில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. சாம் ஃபார்பர் என்பவர் சமையல் பாத்திர வியாபாரி. அவர் மனைவி பெட்சிக்கு மூட்டுவலி. மெல்லிய உலோகப் பிடி வைத்த தோல்சீவியைப் பிடிக்க முடியாமல் அவர் திண்டாடுவதைப் பார்த்த ஃபார்பர், ஒரு வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து தடித்த, மிருதுவான ரப்பர் பிடி போட்ட சாமான்களை 1990இல் 'ஆக்சோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வலி உள்ளவர்களுக்காகச் செய்தது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அந்தத் தோல்சீவி நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே இடம்பெற்றது. பிடியைத் தடிமனாக்கினால் விரல் அவ்வளவு மடங்க வேண்டாம், இறுக்கமும் குறையும். விஷயம் அவ்வளவுதான். ஃபார்பர் ஒரு நிறுவனம் வைத்துச் செய்ததை நம்மால் ஒரு கட்டையை வைத்துச் செய்ய முடியாதா?

இனி நான் கெடுத்த கதை.

எங்கள் பெரிய மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது என் அம்மாவுக்கு ஒரு சமையலறைக் கத்தி கொண்டுவந்தார். அலகில் தியேர் என்ற ஊரின் பெயர் பொறித்திருக்கும். நடுப் பிரான்சில் துரோல் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கும் ஊர். பிரான்சின் கத்தித் தொழிலுக்குத் தலைநகர் மாதிரி. அந்த ஆற்றின் விசையில் சாணைச் சக்கரங்கள் சுழல, சாணைக்காரர்கள் சக்கரத்துக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி கத்தி தீட்டுவார்களாம். குளிருக்கு அடக்கமாக நாயைக் காலின் மேல் படுக்க வைத்துக்கொள்வார்களாம். அந்தக் காலப் படங்கள் பார்த்திருக்கிறேன். சக்கரம் எப்போதும் தண்ணீரில் நனைந்தபடி ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கத்தி எவர்சில்வர் இல்லை, கார்பன் எஃகு. கறுத்துப் போகும், துடைக்காவிட்டால் துரு ஏறும், ஆனால் வாய் பிடித்தால் பூசணியும் வெண்ணெய் போல விழும். 2016இல் அதன் வாயில் இரண்டு மூன்று பல் விழுந்திருந்தது. ஓய்வு பெற்ற புதிது, கையில் நேரம் இருந்தது. தெரிந்த பட்டறை ஒன்றில் மின்சார சாணை இயந்திரத்தைக் கேட்டு வாங்கி நானே பிடித்தேன். தீப்பொறி பறந்தது. பார்க்க அழகாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நுனிப் பக்கம் வைக்கோல் நிறமாயிற்று, அடுத்து பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் விளிம்பில் சாம்பல். சில விநாடிதான். எனக்கு அந்த நிறங்கள் என்னவென்று தெரியும். அதுதான் வெட்கம். எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

மறந்தவர்களுக்காக மறுபடி ஒருமுறை. எஃகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் அது மிகவும் கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் மறுபடி 200 டிகிரி அளவில் மெதுவாகச் சூடாக்கி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். இதைப் பதப்படுத்துதல் என்று நடத்தினேன். கத்தி வாய் மழுங்காமலும் உடையாமலும் இருப்பது இந்தப் பதத்தால்தான். ஆலை செய்த வேலையில் விலைமதிப்புள்ளது இதுவே. பதம் வைத்த கத்தியும் பதம் போன கத்தியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

மறுபடி 200ஐத் தாண்டிச் சூடாக்கினால் பதம் இறங்க ஆரம்பிக்கும். மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் துளி வானவில் காட்டுவது போல, படலத்தின் தடிமனுக்கேற்ப நிறம் மாறும். 220 டிகிரிக்கு மேலே வைக்கோல் நிறம், 300ஐ ஒட்டி நீலம். ஸ்பிரிங்குக்கு நீலம் சரி, காய் நறுக்கும் கத்திக்கு ஆகாது. சாம்பல் வந்துவிட்டால் அது வெறும் இரும்பு மாதிரிதான். வாயும் நுனியும் மெலிசு என்பதால் சூடு அங்கேதான் முதலில் ஏறும். கத்தியின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதை நம்பித்தான் ஏமாந்தேன். தியேர் சாணைக்காரர்கள் சக்கரத்தை நனைத்துக்கொண்டே இருந்தது இதற்காகத்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கத்தி தீட்டிய அன்று வெட்டும், மறுநாள் மழுங்கும். அம்மா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். அவரிடம் சொல்லத் தேவையில்லாமல் போனது என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அதிகம் வருந்தினேன். கத்தியைத் துணியில் சுற்றிக் கீழ்த்தளத்து இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

2024 நவம்பர் 30 உங்களுக்கு நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மழை. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் பழைய விடைத்தாள் கட்டு கூழாகிக் கிடந்தது, அதற்கடியில் கத்தி. பிடிக்கட்டை ஊறி வெடித்து, அலகெல்லாம் செந்துரு. வாசலில் குப்பை வண்டி மணி அடித்துக்கொண்டிருந்தது. துணைவியார்தான் சொன்னார்: "அத்தை கத்தியா? அதைப் போடாதீங்க."

இதற்கு மேல்தான் அந்த மூன்று பேர் கேட்ட 'எப்படி'.

முதலில், வேலை தொடங்கும் முன் கத்தியின் வாயை அட்டையால் மூடிப் பசை நாடா சுற்றுங்கள். மழுங்கிய கத்திதானே என்று விடாதீர்கள். கத்தியைப் பிடிக்குக் கீழே இறுக்கி வைத்து அரத்தை ஓட்டும்போது கை வழுக்கினால் நேரே வாயின் மேல்தான் போய் விழும்.

துருவுக்குப் புளிக்கரைசல் போதும். பித்தளை விளக்கு துலக்கும் அதே புளிதான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், விட்டால் நல்ல இரும்பையும் கரைக்கும். அதனால் இருபது நிமிடம் ஊற வைத்துத் தேய்த்து, தேவைப்பட்டால் திரும்பச் செய்யுங்கள். இராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே துடைத்து உலர்த்த வேண்டும். அதன்பின் ஒரு மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, 220, 400, 800 என்று வரிசையாக. தேய்ப்பது ஒரே திசையில், அலகின் நீளவாக்கில். குறுக்கே தேய்த்த கீறல் எதுவும் கடைசிவரை மறையாது.

இங்கே ஒரு சண்டை எனக்கு. வீடியோக்களில் கத்தியை முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிக் காட்டுகிறார்கள். எதற்கு? முதல் நாள் முருங்கைக்காய் நறுக்கியதுமே கீறல் விழும். நறுக்கிய உருளைக்கிழங்கும் அந்த வழவழப்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பளபளப்புக்காக மோட்டாரில் துணிச் சக்கரம் போட்டு அலகை அழுத்துகிறார்கள். அங்கேயும் சூடுதான். கத்தியைப் பறித்து ஆளின் மேல் வீசக்கூடிய சக்கரமும் அதுதான். அமிலத்தில் தோய்த்து அலை அலையாகக் கோடு வரைந்து 'டமாஸ்கஸ்' என்பது இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து அசல் டமாஸ்கஸ் வாள்களுக்குப் புகழ் தந்தது தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு. நம் கொடுமணலில் உலையும் மூசையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்கு வருவதற்கு முன், 1819 வாக்கில், அந்த உருக்கைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் கோடுகள் எஃகின் உள்ளிருந்து வருபவை. மேலே வரைந்த கோடு, கல்யாண வீட்டு வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம்.

என் கத்தியில் பதம் போன இடம் எதுவரை என்று தெரிய வேண்டியிருந்தது. அரத்தை வைத்துப் பார்த்தேன். நுனியில் அரம் லேசாகக் கடித்து இழுத்தது. இரண்டு விரற்கடை உள்ளே வந்ததும் வழுக்கப் பார்த்தது. எல்லை அங்கேதான். வாயிலிருந்து முதுகு வரை அந்த நுனியை அரத்தாலேயே ராவி எடுத்துவிட்டேன். நான்கு மாலை ஆயிற்று. கையால் ராவும்போது அலகு வெதுவெதுப்பாகக்கூட ஆவதில்லை. இயந்திரத்தில்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒரே விதி: கையுறை போடாமல் பிடியுங்கள், விரலுக்குச் சுட்டால் அந்தக் கணமே தண்ணீரில் தோய்த்துவிடுங்கள். கத்தி இப்போது முன்னைவிட மூன்றரை சென்டிமீட்டர் குட்டை. அம்மா பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பாரா தெரியவில்லை.

பிடிக்கு மரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரை கடந்தபோது பின்வாசல் பூவரசு வேரோடு சாய்ந்தது. அன்று புதுச்சேரியில் மரம் இழக்காத தெரு எது? அடிமரத்தில் ஒரு துண்டை அறுத்துப் பரணில் போட்டு வைத்திருந்தேன். எதற்கென்று தெரியாமல்தான். பூவரசின் உள்மரம் சிவப்பும் பழுப்பும் கலந்தது, ஈரம் பட்டாலும் எளிதில் உளுக்காது. முக்கியமானது, 13 வருடம் காய்ந்திருந்தது. பச்சை மரத்தில் பிடி போட்டால் காய்ந்து சுருங்கி ரிவெட்டை விட்டு விலகும்.

எல்லாக் கத்திக்கும் பிடி மாற்ற முடியாது. வாங்கும்போதே பிடியின் முதுகுப் பக்கம் பாருங்கள். அலகின் எஃகு பிடியின் கடைசி வரை நீண்டு, இரண்டு கட்டைக்கு நடுவில் கோடாகத் தெரிந்தால் மாற்றலாம். பிளாஸ்டிக்குக்குள் இரண்டு அங்குலம் மட்டும் செருகியிருந்தால் மெனக்கெட வேண்டாம்.

பழைய ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, வெறும் எஃகை அவர் கையில் கொடுத்தேன், வாயைக் கட்டிவிட்டுத்தான். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து அதைச் சுற்றி அப்பி, "காய் நறுக்குற மாதிரி பிடி" என்றேன். வலிக்காத அளவுக்கு மாவைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒரு இடத்தில் நிறுத்தினார். நூல் சுற்றி அளந்தேன்: ஒன்பதரை சென்டிமீட்டர். மார்க்கெட் கத்தியின் பிடிச் சுற்றளவு ஆறரை. நான்கு வருட வலிக்குக் காரணம் அந்த மூன்று சென்டிமீட்டர் என்று சொல்ல மாட்டேன். மூட்டுத் தேய்மானம் மருத்துவர் பார்க்க வேண்டியது. ஆனால் இத்தனை நாள் இந்த அளவை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை.

இரண்டு பூவரசுப் பட்டைகளை அறுத்து, எஃகில் உள்ள ஓட்டைகளையே அச்சாக வைத்துத் துளையிட்டேன். பட்டைகளின் முன் முனையை, அதாவது அலகைத் தொடும் பக்கத்தை, ஒட்டுவதற்கு முன்பே இழைத்து முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே அரம் போட்டால் அலகில் கீறல் விழும். முதல் பட்டையில் அந்தத் தவறைச் செய்துவிட்டு மறுபடி அறுத்தேன். எஃகின் இரு முகத்தையும் சொரசொரப்பாக்கி, நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனால் துடைத்து, அரால்டைட் தடவி, பித்தளைக் கம்பியைத் துளைகளில் கோத்து, இறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டேன். ரொம்ப இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் இருக்காது. பிறகு அரம், உப்புத்தாள். உருட்டையாக ஆக்காதீர்கள், முட்டை வடிவம்தான் கையில் திரும்பாது. மரத்தூளுக்கு முகக்கவசம் போடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் மீதி இருக்குமே.

எண்ணெய் எதைப் பூசுவது? வகுப்பில் அயோடின் எண் நடத்தியபோது "சார், இது எதுக்கு உதவும்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் இப்போது. ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170க்கும் மேல், அதனால் காற்றில் உலர்ந்து மரத்தில் தோல் போலப் படியும். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தைச் சுற்றித்தான், அது உலராது. நல்லெண்ணெய் நடுவில் நின்று பிசுபிசுக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பெயிண்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது சமையலறைக்கு வேண்டாம். சாப்பிட விற்கும் எண்ணெயை வாங்கி மெல்லியதாக நான்கைந்து முறை பூசுங்கள். ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது சூடு வெளிப்பட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், இல்லை தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

வாய் தீட்டுவதற்குக் கல்தான். கோணம் தெரியாவிட்டால் ஒரு தாளின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், 90 டிகிரி. ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22½. கத்தியை அதைவிடக் கொஞ்சம் படுக்க வைத்துத் தீட்டினால் சரி. மறுபக்கம் பிசிறு விரலில் தட்டினால் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்பக்கமாக இழுங்கள். பனை ஏறுபவர்கள் பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இதே வேலைதான், நம்மைவிட நூறு மடங்கு நுட்பமாக. நேரம் இல்லாதவர்கள் சைக்கிளை மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுங்கள். கால் மிதிக்கும் வேகத்தில் கத்தி வெந்துபோவது கஷ்டம். மோட்டார் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று, தண்ணீர் தொடச் சொல்லுங்கள். அவர் முறைப்பார். பரவாயில்லை.

இனி தங்கை மகளின் கேள்வி. இருநூறு ரூபாய் விஷயம். நீ சொல்வது சரி, குழந்தாய். பசை, உப்புத்தாள், எண்ணெய், பித்தளை எல்லாம் சேர்த்து நான் அதைவிட அதிகம் செலவழித்தேன், இரண்டு வாரம் வேறு. கணக்கில் இது நட்டம்தான். ஆனால் ஒன்பதரை சென்டிமீட்டர் பிடி வைத்த கத்தி எந்தக் கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சொல். எல்லாக் கத்திக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் தினமும் கையில் எடுக்கும் ஒரே ஒரு கத்திக்குச் செய்யலாம்.

'ரவுடி' என்ற மாணவருக்கும் பதில் உண்டு. விளையாட்டாகக் கேட்டாலும் இந்தக் காலத்தில் அது விளையாட்டு இல்லை. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போட்டுப் பையன்கள் கைதாகும் செய்தி வாராவாரம் வருகிறது. நம்மிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று வடிவமைத்த பொருள்களை ஆயுதமாகக் கொள்வதில்லை. உதாரணமாக லத்தியையும் கைத்தடியையும் அதே இடத்தில் சொல்கிறது, லத்தி பட்டவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது. எனவே பிடியை மாற்றுங்கள், ஆனால் காய்கறிக் கத்தியின் முதுகையும் கூராக்கி இருபுறமும் வெட்டும்படி ஆக்காதீர்கள். அதன்பின் அது காய்கறிக் கத்தி இல்லை. அப்படி ஆக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தால் பெற்றோரைக் கூப்பிடுவேன். பழைய பழக்கம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கைத்தொழில் அறை இருந்தது. இழைப்புளி, வாள், அரம் எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கும். கிராஃப்ட் வாத்தியார் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அறை தேர்வுத்தாள் வைக்கும் கிடங்காயிற்று. ஆசிரியர் கூட்டத்தில், அந்த நேரத்தைப் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் சிறப்பு வகுப்பாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்கியவன் நானேதான். உங்களில் சிலர் அந்தச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். எஃகைப் பதப்படுத்துதல் அதில்தான் நடத்தினேன், இரும்பைத் தொடாமலே. அது சரியான முடிவு என்று அன்று நிச்சயமாக நம்பினேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை துணைவியார் வாழைப்பூ நறுக்கினார். கார்பன் எஃகு என்பதால் அலகு உடனே கறுத்தது. பூவின் டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது, பழைய காலத்து எழுதும் மையும் அதே சேர்க்கைதான். துரு இல்லை, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். மாங்காய்க்கு மட்டும் இந்தக் கத்தி ஆகாது, இரும்பு வாடை வருகிறது என்று சொல்லி எவர்சில்வர் கத்தியை எடுத்துக்கொண்டார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலிக்குதுதான். ஆனா பாதியில வைக்கலை" என்றார்.

மூன்று பேருக்கும் மற்றவர்களுக்கும்: ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வீட்டில் இருப்பேன். கத்தி கொண்டுவருபவர்கள் வாயை அட்டை வைத்துக் கட்டி, பைக்குள் போட்டுக் கொண்டுவரவும். வண்டியில் முன்னால் செருகிக்கொண்டு வர வேண்டாம். பூவரசு இன்னும் நாலு பிடிக்கு இருக்கிறது. சப்பாத்தி மாவு அவரவர் வீட்டிலிருந்து.